அழிக்காமல் விட்ட வரி

அரைத்த மாவையே அரைக்கச் சொன்னால் கிறிஸ்டோபருக்குக் கோபம் வரும். 2005-ஆம் வருஷம் ஓர் அரிசி மில்லுக்கு மென்பொருள் எழுதினான். அடுத்து ஒரு கல்யாண மண்டபத்துக்கு. அதற்கும் அடுத்து ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு. மூன்றிலும் பாதி வேலை ஒரே வேலைதான். கோப்புகளை அதே வரிசையில் உண்டாக்கு, பாஸ்வேர்ட் கேட்கிற திரையை எழுது, வாடிக்கையாளர் பெயரும் முகவரியும் வாங்குகிற படிவத்தை எழுது, ரசீது அச்சடிக்க வழி செய், சாயங்காலம் கடை மூடும்போது எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வை. நெல் அரைக்கிறவருக்கும் கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கிறவருக்கும் இதில் என்ன பெரிய வித்தியாசம்?

நான்காவதாக ஒரு பல் டாக்டர் படியேறி வந்தபோது, போதும்டா சாமி என்று உட்கார்ந்துவிட்டான். பல் டாக்டரின் வேலையைத் தொடாமல், புதிய ப்ராஜெக்ட்டுகளைப் பெற்றுப் போடுகிற ஒரு சின்ன நிரலைப் பைத்தானில் எழுதினான். கருப்புத் திரையில் அதை ஓட்டினால் ஏழு கேள்வி கேட்கும். கடையின் பெயர் என்ன, உரிமையாளர் யார், ஊர் எது, ரசீது தமிழிலா ஆங்கிலத்திலா என்கிற மாதிரி ஏழு. கடைசிப் பதிலைத் தட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் நாற்பத்திரண்டு கோப்புகளோடு ஒரு புதிய ப்ராஜெக்ட் தயாராக நிற்கும். டாக்டரின் பெயர் எங்கெங்கே வரவேண்டுமோ அங்கங்கே தானாகப் போய் உட்கார்ந்திருக்கும். மிச்சம் இருப்பது பல் சம்பந்தப்பட்ட வேலை மட்டும்.

முதலாளி ஸௌந்தரராஜன் அதைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி கைதட்டினார்.

“எங்காத்துல தேன்குழல் அச்சு இருக்கே, அது மாதிரின்னா இருக்கு! மாவைப் போட்டு அமுக்கினா ஒரே மாதிரி விழறதே!”

அன்றிலிருந்து அலுவலகத்தில் அதற்கு அச்சு என்றே பெயர். அலுவலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்ட் போனால் இருபது நிமிஷம் தாக்குப்பிடிக்கிற ஒரு பேட்டரி, அவ்வளவுதான். ஸௌந்தரராஜன் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்து, நாற்பத்து நான்கு வயதில் வேலையை விட்டுவிட்டு இதை ஆரம்பித்தவர். நெற்றியில் திருமண் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. கோபப்பட்டும் யாரும் பார்த்ததில்லை.

கிறிஸ்டோபர் 2003-இல் அங்கே வேலை கேட்டுப் போனான். அதற்கு முன்பு ஏறி இறங்கிய நான்கு இடத்திலும் அவன் சர்டிபிகேட்டைப் பார்ப்பதற்கு முன்பே “எந்த ஊருப்பா? ஊர்ல எந்தப் பக்கம்?” என்று கேட்டார்கள். நம் ஊர்களில் எந்தப் பக்கம் என்று கேட்கிறவர் வழி தெரியாமல் கேட்பதில்லை. மாகறல் போகிற சாலையில் ஒரு காலனி என்று அவன் சொல்வான், அவர்களும் தகவல் அனுப்புகிறோம் என்பார்கள். ஸௌந்தரராஜன் ஊரைக் கேட்கவில்லை. ஒரு கணக்கைக் காகிதத்தில் எழுதி அவன் முன்னால் தள்ளி, “போட்டுக் காட்டு” என்றார். போட்டுக் காட்டினான். “நாளைக்கே வந்துடு” என்றார். அதிலிருந்து அவன் அவருக்கு எள் என்றால் எண்ணெயாக நின்றான். அந்த நன்றியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வந்த வினை அதற்குள்ளேதான் இருந்தது.

அச்சு என்று ஒன்று செய்யவேண்டுமானால் அதற்கு ஒரு மூலம் வேண்டும் அல்லவா? கிறிஸ்டோபர் எடுத்துக்கொண்ட மூலம், ஸௌந்தரராஜன் தன் கையாலேயே எழுதிய முதல் மென்பொருள். கிறிஸ்டோபர் சேர்ந்த புதிதில், ஒரு கோயில் கைங்கர்ய டிரஸ்ட்டுக்காக எழுதியது. பம்பாயிலும் அமெரிக்காவிலும் இருக்கிற பக்தர்கள் தங்கள் நட்சத்திரத்தன்று பெருமாளுக்கு நைவேத்தியத் தளிகை செய்யச் சொல்லிப் பணம் அனுப்புவார்கள். பெயர், நட்சத்திரம், கோத்திரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, அர்ச்சனை செய்து, பிரசாதத்தைத் தபாலில் அனுப்பவேண்டும். கோத்திரம் தெரியாதவர்களும் அனுப்புவார்கள்.

“தெரியலேன்னு சொல்றதுக்கே சில பேர் கூச்சப்படுவா” என்று ஸௌந்தரராஜன் அப்போது அவனிடம் சொல்லியிருந்தார். “சந்நிதியில ஒருத்தர் முழிச்சிண்டு நின்னா, பட்டர் விஷ்ணு கோத்திரம்னு அவரே சொல்லிட்டு அர்ச்சனையை ஆரம்பிச்சுடுவார். அது மாதிரி இங்கயும் தானா விழுந்துடட்டும்.”

ஆட்களின் விவரத்தைச் சேர்த்து வைக்கிற கோப்பில் அதற்காக ஒரு வரி எழுதினார். கோத்திரம் காலியாக இருந்தால் விஷ்ணு கோத்திரம் என்று நிரப்பிக்கொள். அந்தக் கோப்பின் தலையில் ‘ஸ்ரீமதே ராமாநுஜாய நம:’ என்றும் ஒரு வரி இருந்தது. கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். எழுதுகிறவர் தன் மனத்துக்காக எழுதிக்கொள்வது.

அச்சைச் செய்தபோது கிறிஸ்டோபர் கோப்பு கோப்பாகச் சுத்தம் செய்தான். டிரஸ்ட்டின் பெயரை எடுத்தான், தளிகைக் கணக்கை எடுத்தான், பிரசாதத் தபாலை எடுத்தான். இந்த ஒரு கோப்புக்கு வந்தபோது மட்டும் கை நின்றது. மேலே ஒரு தடவை பார்த்தான், கீழே ஒரு தடவை பார்த்தான். திரையில் நட்சத்திரம், கோத்திரம் என்கிற இரண்டு பெட்டிகளும் தெரியாதபடி மறைத்துவிட்டு, கோப்பை அப்படியே மூடினான். ஓடுகிற வண்டியை எதற்கு நோண்ட வேண்டும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. அந்த அச்சிலிருந்து பதினான்கு ப்ராஜெக்ட் விழுந்தது. ஜவுளிக்கடை, நர்சிங் ஹோம், பிரியாணிக் கடை, இரண்டு மிஷன் பள்ளிக்கூடம் என்று எல்லாம் விழுந்தது. அவர்கள் எல்லாரும் அச்சடித்தது ரசீது. ரசீதில் பெயரும் தொகையும் மட்டும்தான் வரும். உள்ளே காலிப் பெட்டியில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்க யாருக்கும் வேலை வரவில்லை.

2007-இல் கிறிஸ்டோபரின் சொந்த சர்ச்சிலிருந்தே கேட்டார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் மூன்று பெரிய ரிஜிஸ்டர்களில் கரையான் தின்றதுபோக மிச்சம் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சர்ச்சின் ஆண்டு விழாவில் குடும்பத்துக்கு ஒரு கார்டு கொடுக்கவேண்டும் என்று போதகர் ஆசைப்பட்டார். கிறிஸ்டோபரின் அப்பா சிட்டிபாபு சர்ச் கமிட்டியில் இருந்தார். கொத்தனார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். சிட்டிபாபு கரண்டியைக் கையில் பிடித்து, பிறகு நான்கு பேரை வைத்து வேலை வாங்கி, மகனை பி.எஸ்சி. வரை கொண்டுவந்து நிறுத்தியவர். கமிட்டியில் அவர் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார்:

“என் புள்ள துட்டே வாங்க மாட்டான். ஏதோ பாம்பு பேரு வெச்ச வேலயாம். ஏழு கேள்வி கேக்குது, பொட்டுனு செஞ்சி குடுத்துடுது. நானே பாத்துக்கினு இருந்தேன்.”

உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்கு வந்து, மகன் பின்னால் நின்று, ஏழு கேள்விக்கும் பதில் சொன்னவரே அவர்தான். கார்டுக்கு மட்டும் கிறிஸ்டோபர் புதிதாக எழுதினான். ஓர் ஆளைப் பற்றி என்னென்ன விவரம் இருக்கிறதோ அத்தனையையும் வரிசையாகப் போடு, காலியாக இருப்பதை விட்டுவிடு என்று எழுதினான். பெயர் எதையும் ஏற்றாமல் வெறும் கார்டு ஒன்றை அச்சடித்து, கோடுகள் நேராக விழுகின்றனவா என்று பார்த்தான். நேராகத்தான் விழுந்தன.

பெயர்களை ஏற்றியது சர்ச் ஆபீஸில் டைப் அடிக்கிற திரிஷா. மூன்று வாரம் ஏற்றினாள். விழாவுக்கு முந்தின நாள் அச்சடித்து, வெட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கார்டு கொடுத்தார்கள். போதகர் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். சிட்டிபாபுவின் பெயரைக் கூப்பிட்டபோது கைதட்டல். கிறிஸ்டோபரின் அம்மா மேரி கார்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் பழனி. கமிட்டியில் செயலாளர், பஸ் டிப்போவில் மெக்கானிக், எந்தக் காகிதத்தையும் கடைசி எழுத்து வரைக்கும் படிக்காமல் கீழே வைக்கமாட்டார்.

“சிட்டி, இங்க வா. என் பேருக்குக் கீழ இன்னாமோ போட்டுக்கீது பாரு.”

கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. கோத்திரம்: விஷ்ணு கோத்திரம்.

பக்கத்தில் இருந்தவர் தன் கார்டைத் திருப்பினார். அவரும் விஷ்ணு கோத்திரம். அடுத்தவரும். வரிசை வரிசையாக உறைகளைத் திருப்பும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பையன் முதலில் சிரித்தான், இரண்டு மூன்று பேர் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு பழனி பேசினார். சத்தம் போடாமல்தான் பேசினார்.

“நம்ம ஊரு தேரு ஒருநாளும் நம்ம காலனிப் பக்கம் திரும்பினதில்ல. கோத்திரம் மட்டும் எப்பிடிப்பா வழி கண்டுபுடிச்சி வந்துச்சி?”

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பேச்சு நாலு பக்கமும் ஓடியது. நம்மைப் பழையபடி அவங்க கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்றார் ஒருவர். பெயரெல்லாம் எங்கெங்கே போயிருக்கிறதோ என்றார் இன்னொருவர். போதகர் கிறிஸ்டோபரைப் பார்த்து, “இது நீ போட்டதா தம்பி, இல்ல அங்க யாராவது போட்டதா?” என்று கேட்டார்.

கிறிஸ்டோபருக்கு அந்தக் கோப்பும் அந்த வரியும் கண்முன்னால் வந்துவிட்டன. வாயைத் திறப்பதற்குள் அவன் அப்பா எழுந்துவிட்டார்.

“என் புள்ள செய்வானா இத்த? அந்த ஐயங்காரு வேல ஐயா இது. இதுல என் புள்ள தப்பு இருந்துச்சுன்னா, நான் இந்தக் கமிட்டியிலயே இருக்க மாட்டேன். எல்லாரு முன்னாலயும் சொல்றேன்.”

இருநூறு குடும்பமும் கிறிஸ்டோபரைப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த தலையை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். புதன்கிழமை கமிட்டியிலிருந்து இரண்டு பேர் நேரில் போய், ஸௌந்தரராஜனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கி, அதைப் பத்திரிகைக்கும் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்தக் கடிதம் வெளியே வந்தால் மிஷன் பள்ளிக்கூடங்கள் இரண்டும் அவரை விட்டுப் போய்விடும். அதைவிட, ஊர் பூராவும் அவரை வேறு மாதிரி ஆளாகப் பேசும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கிறிஸ்டோபருக்கு அது தெரியும். உண்மையைச் சொன்னால் அப்பாவின் சொல் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

அன்று மத்தியானமே சர்ச் ஆபீஸுக்குப் போனான். திரிஷா அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

“அச்சடிக்கும்போது பாக்கலியாம்மா நீ?”

“பாத்தேண்ணா. மொத கார்டுலயே பாத்தேன்.”

“பின்ன ஏன் எனக்கு போன் பண்ணல?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீங்க போட்டதாச்சேண்ணா. இவ்ளோ பெரிய வேல செய்றவங்க. ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன். நீங்க போட்டத நான் போய் எப்பிடிக் கேக்கறது?”

கிறிஸ்டோபர் அவளைத் திட்டத்தான் வந்திருந்தான். அவள் சொன்ன காரணத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அவன் தன் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று புரிந்தபோது வெட்கமாக இருந்தது. “உன் மேல தப்பு இல்லம்மா, அழாத” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை காலையில் ஸௌந்தரராஜனிடம் நடந்ததைச் சொன்னான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“என் வரிதான் இது.”

“ஆமா சார்.”

“கோயில்ல இது தயவுக்காகப் பண்றது. தெரியாதவன் மனசு நோகப்படாதுன்னு. இங்க வந்து எத்தனை பேர் மனசை நோக அடிச்சிருக்கு பாரு. காலியா இருந்தா காலின்னு விட்டிருக்கணும். எங்களுக்குத் தெரிஞ்சதையே ஊருக்கெல்லாம் நிரப்பி வெச்சேன். எழுதறப்போ அது தோணவே இல்லை எனக்கு.”

பிறகு சட்டென்று திரும்பி, “நீ ஏம்பா எடுக்கல?” என்று கேட்டார்.

“மறந்துட்டேன் சார்.”

“சரி. புதன்கிழமை அவா வரட்டும். நான் எழுதினதுதானே, நானே சொல்லிக்கறேன். நீ இதுல வராதே. உங்கப்பாவுக்கு அங்க நாலு பேர் நடுவுல மதிப்பு இருக்கு.”

கிறிஸ்டோபருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைக்க வேண்டியதில்லை, யாருக்கும் வரும். அப்பாவின் சொல் பிழைத்தது, தன் தலை தப்பியது, தப்பை எடுத்துக்கொள்ள ஒரு பெரிய மனிதர் தானாகவே முன்வந்துவிட்டார். அந்த நிம்மதி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. தட்டில் சோற்றைப் போட்ட அம்மா, “அந்த சாரு அப்பிடிப்பட்டவராடா? தீபாவளிக்கு உனக்குத் துணி எடுத்துக் குடுத்தாரே?” என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, “துணி குடுத்தா சரியாப் போச்சா?” என்றார். கிறிஸ்டோபர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு சிட்டிபாபுவும் பழனியும் மாடியேறி வந்தார்கள். சிட்டிபாபு வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். கமிட்டியே டைப் அடித்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதம் பழனி கையில் இருந்தது. ஸௌந்தரராஜன் எழுந்து நின்று நாற்காலிகளைக் காட்டினார். இருவரும் உட்காரவில்லை.

“தப்பு என்னோடது” என்றார் ஸௌந்தரராஜன். “அந்த வரியை எழுதினது நான்தான்.”

“தெரியும் சார்” என்றார் சிட்டிபாபு. “என் புள்ள அப்பிடி செய்ய மாட்டான்னு அன்னிக்கே சொன்னேன்.”

பழனி காகிதத்தை மேஜைமேல் வைத்தார். ஸௌந்தரராஜன் அதை முழுதாகப் படித்தார். சர்ச் மக்களின் சம்மதமில்லாமல், வேண்டுமென்றே, என்று ஓரிடத்தில் இருந்தது. அந்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

“சார், கையெழுத்து போடாதீங்க” என்றான் கிறிஸ்டோபர்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணும்னே யாரும் போடலப்பா. சார் எழுதினது கோயில் டிரஸ்ட்டுக்கு. அங்க அது சரி. அத்த எடுத்து அச்சு செஞ்சவன் நான். பேரு, கணக்கு, அது இதுன்னு எல்லாத்தையும் எடுத்தேன். இத்த மட்டும் பாத்துட்டு அப்பிடியே வுட்டேன். அன்னிக்கு நீ ஏழு கேள்விக்கு பதில் சொன்னியே, அது எட்டாவதா ஒண்ண நம்மளக் கேக்காமலே போட்டுக்கிச்சு. சாருக்கு நான் அத்த வுட்டு வெச்சதே தெரியாது.”

பழனி புருவத்தைச் சுருக்கினார். இயந்திரம் எதுவானாலும் அவருக்கு அதன் உட்புறம் புரிந்தாகவேண்டும்.

“இரு இரு. அப்போ அந்த அச்சுல செஞ்சது எல்லாத்துலயும் இது இருக்குதா?”

“இருக்குதுண்ணா.”

“அரிசி மில்லுல?”

“அது அச்சுக்கு முந்தினது. அதுல இல்ல. பல் டாக்டர்லேர்ந்து எல்லாத்துலயும் இருக்குது.”

“பிரியாணிக் கடை பாயி கிட்ட?”

“பார்சல் வாங்குறவங்க அத்தினி பேரும் விஷ்ணு கோத்திரம்தாண்ணா.”

பழனி அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கிற்று. ஸௌந்தரராஜன்கூட வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். பழனி காகிதத்தை மேஜையிலிருந்து எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சிட்டிபாபு மட்டும் சிரிக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்துட்டு வுட்டியா?”

“ஆமாப்பா.”

“அவரு எழுதி அனுப்பியிருந்தா நான் சண்ட போட்டிருப்பேன். அதுக்குத்தான் சட்ட மாட்டிக்கினு வந்தேன். நீ பாத்துட்டு வுட்டிருக்க. அத்தோட நான் எப்பிடிடா சண்ட போடறது? ஏன் வுட்ட? சொல்லு.”

மறந்துவிட்டேன் என்று ஒரு தடவை சொன்ன வாய். இரண்டாவது தடவை அது வரவில்லை.

“மேல அவங்க மந்திரம் எழுதியிருந்துச்சுப்பா. சாரு கையால எழுதினது. அத்த நான் தொடலாமான்னு இருந்துச்சு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவன் அதைத் தன் காதாலேயே கேட்டான். ஸௌந்தரராஜன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான்கு வருஷமாக ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே பிளாஸ்கிலிருந்து காபி குடித்தவர்கள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

சிட்டிபாபு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பழனி, கமிட்டிலேர்ந்து என் பேர எடுத்துடு. சொன்னது சொன்னதுதான்.”

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சிட்டி.”

“எடுத்துடு.” பிறகு மேஜையைச் சுற்றி நடந்து மகனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். “உக்காரு. இப்ப தொடு. நான் இங்கதான் நிக்கிறேன்.”

கிறிஸ்டோபர் உட்கார்ந்தான். கோப்பைத் திறந்தான். அந்த வரியையும், கோத்திரம் என்று ஆள் விவரத்தில் இருந்த இடத்தையும் அழித்தான். அச்சை ஓட்டினான். ஏழு கேள்விக்கும் ஏதோ ஒரு பதிலைத் தட்டினான். ப்ராஜெக்ட் பிறந்தது. அதைத் திறக்கப் போனபோது திரை முழுக்கப் பிழைச் செய்தி ஓடி வந்து நின்றது.

“இன்னாடா ஆச்சு?”

“ஒடைஞ்சிடுச்சுப்பா. இத்த நம்பி வேற பத்து எடத்துல எழுதியிருக்குது. சர்ச்சோட சேத்து பதினஞ்சு எடத்துக்குக் குடுத்ததுலயும் போய் எடுக்கணும்.”

“எத்தினி நாளாவும்?”

“ஒரு மாசம் ஆவும்.”

சிட்டிபாபு நிமிர்ந்து ஸௌந்தரராஜனைப் பார்த்தார்.

“ஒரு மாசம் என் புள்ள வேற வேல செய்ய மாட்டான் சார்.”

அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

“செய்ய வேண்டாம்” என்றார் ஸௌந்தரராஜன். நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து கிறிஸ்டோபரின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். “முதல் பிழை எத்தனாவது வரியிலன்னு சொல்லு.”